பின்னாடி ஓடிய மிக்ஸி

தங்கமாயன் அண்ணன் பொய் சொல்ல மாட்டார். இதை நான் எங்கே வந்து வேண்டுமானாலும் சொல்வேன். தான் எடுத்த வீடியோவைத் தானே பார்ப்பார், பார்த்ததை அப்படியே நம்புவார், நம்பியதை வெளியே சொல்வார். சொல்லும்போது கொஞ்சம் வளரும், அவ்வளவுதான். அதற்கு அவர் என்ன செய்வார் பாவம்.

என் பெயர் லூர்துமேரி. திண்டுக்கல்லில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். கூடவே 'மிக்ஸி மேரி' என்று ஒரு சேனல். ஜார் ஒழுகினால் என்ன செய்வது, கார்பன் பிரஷ் எப்படி மாற்றுவது, புகை வந்தால் முதலில் எதைப் பிடுங்குவது, இதுதான் என் சரக்கு. என் வீடியோவில் பாட்டும் கிடையாது, கண்ணீரும் கிடையாது. ஸ்க்ரூடிரைவர் உண்டு. அதையும் பார்க்கப் பதினோராயிரம் பேர் இருக்கிறார்கள் என்றால் ஊரில் எத்தனை மிக்ஸி கெட்டுக் கிடக்கிறது என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சேனல் நடத்துகிற நாங்கள் நாலு பேர் மாதத்தில் இரண்டாவது ஞாயிறு மத்தியானம் ஒரு தையல் பயிற்சி நிலையத்து மாடியில் கூடுவோம். தங்கமாயன் அண்ணன், சேனல் பெயர் 'தடாலடி தங்கமாயன்'. நைனார் பாய், ஊரில் சுற்றுகிற வதந்தி வீடியோவை எல்லாம் பிடித்துக் கிழிக்கிறவர். விமலா, கோலம் போடுகிறவள். அப்புறம் நான். எங்களுக்குள் ஒரே ஒரு கட்டுப்பாடு. எங்களில் யாராவது ஒரு பொருளுக்கு விளம்பரம் செய்வதற்கு முன்னால், அதை ஏற்கெனவே வீட்டில் வைத்துப் பார்த்த ஒருவர் எல்லோர் முன்னாலும் வந்து சாட்சி சொல்ல வேண்டும். கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும். பாய் கொண்டுவந்த சட்டம் இது, அந்த ஞாயிறுதான் முதல்முறை அமலுக்கு வந்தது.

அன்றைக்கு விளம்பரம் செய்வது என் முறை, சாட்சி தங்கமாயன் அண்ணன். மேஜை மேல் கையகலத்துக்கு ஒரு வெள்ளைப் பெட்டி. பெயர் 'கரண்டுக் காவலன்'. சுவரில் இருக்கிற பிளக்கில் செருகினால் பச்சை விளக்கு எரியும், வீட்டில் ஆகிற கரண்டு பாதியாகக் குறையும் என்பது கம்பெனிக்காரர் குமரகுருவின் வாக்கு. அவரும் வந்திருந்தார், கழுத்தில் அட்டை, கையில் காகிதம். காகிதத்தில் நான் பேச வேண்டிய வரி: "என் கடையில் நானே மாட்டிப் பார்த்தேன். தைரியமாக வாங்கலாம்." நான் மாட்டியதே இல்லை. பெட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு பெட்டி, சீல் பிரிக்காத புது போன். நான் அந்த வரியைச் சொன்னால் போன் எனக்கு.

என் போனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். திரை விரிசல், கேமராவில் கீறல். ஆறு மாதமாக என் வீடியோவில் எல்லா மிக்ஸிக்கும் நடுவில் ஒரு கோடு விழுகிறது. "அக்கா, மிக்ஸி உடஞ்சிருக்கா?" என்று கேட்கிறார்கள். அதனால் அந்தப் புதுப் பெட்டியை நான் பார்த்த பார்வை நல்ல பார்வை இல்லை. எனக்கே தெரியும்.

இதில் இன்னொரு ஆளும் உண்டு. வத்தலக்குண்டில் இட்லி மாவுக் கடை வைத்திருக்கும் பேச்சியம்மாள் அக்கா. நேரில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. வயருள்ள எந்தப் பொருள் வாங்குவதாக இருந்தாலும் எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பிக் கேட்டுவிட்டுத்தான் வாங்கும். காலையில்தான் கேட்டிருந்தது: "மேரி, தங்கமாயன் தம்பி ஒரு பெட்டியக் காட்டுதே, எனக்கு ரெண்டு கிரைண்டருக்கு ரெண்டு வாங்கலாம்னு இருக்கேன். வாங்கவா, வேணாமா? நீ சொல்றதுதான்." நான் இன்னும் பதில் சொல்லவில்லை. கூட்டம் முடியட்டும் என்று வைத்திருந்தேன்.

தங்கமாயன் அண்ணன் எழுந்தார். தலையில் தொப்பி, மேலே மஞ்சள் சட்டை. எந்த வீடியோவிலும் அதே சட்டைதான், சேனலுக்கு யூனிபார்ம் என்பார்.

"நான் இந்தப் பெட்டிய மாட்டி மூணு வாரமாச்சு. எங்க வீட்டு மீட்டர் அந்தக் காலத்து மீட்டர், உள்ள தகடு சுத்தும். பெட்டியச் செருகுனேன். தகடு மெதுவாச்சு. நின்னுச்சு. யோசிச்சுச்சு. அப்புறம் பின்னாடி சுத்த ஆரம்பிச்சுச்சு."

"தகடு யோசிச்சுச்சா?" என்றார் பாய்.

அண்ணன் உடனே முகத்துக்கு முன்னால் கையைத் தட்டினார். யாராவது குறுக்கே பேசினால் அவர் கோபப்பட மாட்டார். ரீடேக் எடுப்பார். ரீடேக்கில் எல்லாம் ஒரு படி கூடி வரும்.

"டேக் ரெண்டு. பெட்டியச் செருகுனேன். தகடு பின்னாடி சுத்துன வேகத்துல மீட்டர் பொட்டி விசிலடிச்சுச்சு. இந்தா, வீடியோ இருக்கு. பாத்துட்டுப் பேசுங்க."

வீடியோவைக் காட்டினார். தன் முகம் இல்லாமல் அண்ணன் எதையும் எடுக்க மாட்டார், மழையைக் கூடத் தன் முகத்துக்குப் பின்னால்தான் பெய்ய விடுவார். அதிலும் கையை நீட்டிப் பிடித்து, முகம் முக்கால், மீட்டர் கால். மீட்டருக்குக் கீழே மேடையில் ஒரு மிக்ஸி. முதலில் தகடு உண்மையாகவே பின்பக்கமாகச் சுற்றியது. அப்புறம் அண்ணன் இன்னொரு கையால் மிக்ஸியைப் போடுகிற திருகை இடப்பக்கம் திருப்பினார், கையை எடுத்தார். மிக்ஸி ஓடிக்கொண்டே இருந்தது.

இடப்பக்கம் திருப்பினால் நாம் பிடித்திருக்கிற வரைக்கும்தான் மிக்ஸி ஓடும். கையை விட்டால் திருகு தானாகத் திரும்பி மிக்ஸி நின்றுவிடும். இருபது வருடத்தில் கையை எடுத்த பிறகும் இடப்பக்கம் நின்று ஓடின மிக்ஸியை நான் பார்த்ததில்லை. வாயைத் திறந்தேன். சீல் பிரிக்காத பெட்டி கண்ணில் பட்டது. வாயை மூடிக்கொண்டேன்.

"இதுல 'விளம்பரம்'னு போட்டிருக்கீங்களா?" என்று விமலா கேட்டாள்.

"போடாம? இடது மூலையில போட்டிருக்கேன். அரைச் செகண்டு வரும். எறும்பு படிக்கிற சைஸ்."

பாய் போனை வாங்கிக்கொண்டார். பாய் லேசுப்பட்ட ஆள் இல்லை. சொந்தக் கல்யாண வீடியோவையே மூன்று தடவை சரிபார்த்துத்தான் மாமியார் வீட்டுக்குப் போனார் என்று சொல்வார்கள். அவரிடம் ஒரு செயலி இருக்கிறது. வீடியோவைப் போட்டால் வெட்டு இருக்கிறதா, ஒட்டு இருக்கிறதா, கம்ப்யூட்டர் செய்த பொம்மையா என்று சொல்லிவிடும். போட்டார். சக்கரம் சுற்றியது. பாய் முகம் மாறியது.

"வெட்டு இல்ல. ஒட்டு இல்ல. நூத்துக்குத் தொண்ணூத்தாறு நிஜம்ங்குது."

"மிச்சம் நாலு?" என்றேன்.

"அது என் முகத்துக்குப் போட்ட பவுடரு" என்றார் அண்ணன். பாயின் செயலியே ஒத்துக்கொண்டதும் அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நாற்காலியை ஒதுக்கி வைத்துவிட்டுத் தையல் மிஷின்களுக்கு நடுவில் நடந்துகொண்டே பேச ஆரம்பித்தார்.

"மிக்ஸியப் பாத்தீங்கல்ல? அது எந்தப் பக்கம் ஓடுது? பின்னாடி. உள்ள என்ன இருந்துச்சு? தேங்காச் சட்னி. மூடியத் தொறந்தா சட்னி இல்ல. ஒரு மூடித் தேங்கா, நாலு பச்சை மெளகா, காம்போட."

"பொட்டுக்கடலை?" என்றாள் விமலா.

கைத்தட்டு. "டேக் ரெண்டு. முழுத் தேங்கா. ரெண்டு மூடியும் ஒட்டி, குலுக்குனா உள்ள தண்ணி சலசலங்குது. பொட்டுக்கடலை வறுக்காத கடலையா ஒரு ஓரத்துல கெடந்துச்சு."

"நாரு இருந்துச்சா?"

"நாரு மறுநாள் வந்துச்சு. அவசரப்படாத. கிரைண்டரக் கேளு. ராத்திரி ஆட்டி வச்ச மாவு. போட்டேன், பத்தே நிமிசம். அரிசி தனி, உளுந்து தனி. கையில எடுத்துப் பாத்தா ரெண்டும் காஞ்சு போய் இருக்கு, ஊறப்போட்ட ஈரங்கூட இல்ல. எம்பொஞ்சாதி அள்ளிக்கிட்டுப் போய்க் கடைக்காரன்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டு வந்துட்டா."

குமரகுரு தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது தலை ஆடுவது கொஞ்சம் குறைந்தது. "சார், அவ்வளவு வேண்டாம் சார். பாதி குறையும்னு சொன்னாப் போதும்."

"தம்பி, நான் நேர்மையான ரிவ்யூவர். நல்லதும் சொல்வேன், குறையும் சொல்வேன். குறை என்னன்னா இஸ்திரிப் பெட்டி. தேய்ச்ச சட்டை மேல வச்சா கசங்குது. ரெண்டாவது, டிவி. எம்பொஞ்சாதி பாக்குற சீரியல்ல மாமியா மருமகள ஓங்கி அறைஞ்சா. பெட்டியச் செருகுன உடனே கை கன்னத்துலருந்து கெளம்பிப் பின்னாடி போயிருச்சு. அந்தப் பிள்ளை கண்ணீரு கன்னத்துலருந்து மேல ஏறிக் கண்ணுக்குள்ள போகுது. சாயங்காலத்துக்குள்ள கல்யாணமே நின்னு போச்சு. எம்பொஞ்சாதி ரெண்டு நாளா எங்கூடப் பேசல."

"இங்கயுந்தான் இந்தப் பெட்டி மாட்டியிருக்கு" என்று விமலா சுவரைக் காட்டினாள். உண்மைதான். குமரகுரு வந்ததும் இன்னொரு பெட்டியைச் செருகியிருந்தார், பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "ஃபேன் ஒழுங்காத்தானே சுத்துது?"

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. பெட்டிக்கு லீவு."

சொல்லிவிட்டு மூச்சுக்கூட விடவில்லை. "வீட்டோட நின்னா நான் எதுக்கு இங்க வந்து சாட்சி சொல்லப்போறேன்? எங்க வீட்டுக் கரண்டு பின்னாடி ஓடுச்சுல்ல, அது எங்க போகும்? தெருக் கம்பத்துக்கு. கம்பத்துலருந்து டிரான்ஸ்பார்மருக்கு. அங்கருந்து? அணைக்கு. அணையில என்னாச்சு தெரியுமா? கீழ விழுந்த தண்ணி அப்படியே படியேறி மேல போச்சு. அணை ரொம்பிருச்சு."

"சார்!" குமரகுரு எழுந்தேவிட்டார். "அணையெல்லாம் வேண்டாம் சார். கம்பெனிக்கு நோட்டீஸ் வந்துரும்."

கைத்தட்டு. "டேக் ரெண்டு. அணை ரொம்பி, தண்ணி அதுக்கும் மேல ஏறி மேகத்துக்குப் போயிருச்சு. எங்க தெருவுல மழை கீழருந்து மேல பெஞ்சுச்சு. சனங்க குடையக் கால்கிட்டப் பிடிச்சுக்கிட்டுப் போச்சுக. நானும் பிடிச்சேன். செருப்பு நனையல, தலைதான் காய்ஞ்சு போச்சு."

"சார், உங்க கால்ல விழறேன்" என்றார் குமரகுரு. விளம்பரம் கொடுக்க வந்த ஆள் விளம்பரம் வேண்டாம் என்று கெஞ்சியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அப்ப உங்க சப்ஸ்கிரைபர் மட்டும் ஏண்ணே பின்னாடி போகல?" என்று விமலா கேட்டாள்.

அண்ணன் ஒரு நொடி நின்றார். ஒரே ஒரு நொடிதான். "அது மட்டும் இன்வெர்ட்டர்ல ஓடுது."

பாயே சிரித்துவிட்டார். அதற்கப்புறம் அண்ணனைப் பிடிக்க முடியவில்லை. தொப்பியைக் கழற்றினார். "முடியப் பாருங்க. எனக்கு அம்பத்திரண்டு வயசு. ஒரு நரை இருக்கா?"

"சாயம்" என்றார் பாய்.

"சாயந்தான் மொதல்ல பின்னாடி போச்சு. டப்பாவுக்குள்ள போய் மூடிக்கிச்சு. இது சொந்த முடி. பெட்டிக்குப் பக்கத்துல உக்காந்தேன். அம்பது, நாப்பது, முப்பது. மீசை உள்ள போச்சு. குரல் ஒடஞ்சது ஒட்டிக்கிச்சு. அரை டவுசர் வந்துருச்சு. அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் போயிட்டேன். எதுத்தாப்புல ஏழாம் வாய்ப்பாடு. 'சொல்லுடா தங்கமாயா'ன்னு வாத்தியார் பிரம்போட நிக்கிறாரு. அந்தப் பயத்துல பெட்டியப் பிடுங்குனவன்தான். இல்லேன்னா இன்னைக்கு என்னைத் தொட்டில்ல போட்டுத் தூக்கிட்டு வந்திருப்பீங்க."

சாட்சி முடிந்தது என்பதுபோல் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். குமரகுரு நெற்றியைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"மேடம், அவர் சொன்னது அவரோட பாணி. விடுங்க. வீடியோ நிஜம்னு செயலியே சொல்லிருச்சு. நீங்க அந்த ஒரு வரி மட்டும் சொல்லிருங்க." புது போனை என் பக்கமாக நகர்த்தினார்.

நான் காகிதத்தைக் கையில் எடுத்தேன். மறைக்காமல் சொல்கிறேன். அண்ணன் சொன்ன அணையை நான் நம்பவில்லை, தேங்காயை நம்பவில்லை. ஆனால் பாதி குறையும் என்பது என்ன பெரிய பொய், அணையைவிடச் சின்னதுதானே என்று என் மனசு பேசியது. பெரிய புளுகைப் பக்கத்தில் உட்கார வைத்தால் சின்னப் புளுகு எவ்வளவு யோக்கியமாகத் தெரிகிறது! காகிதத்தில் இருந்த வரியை ஒருமுறை உதட்டுக்குள் சொல்லியும் பார்த்துவிட்டேன். நன்றாகத்தான் வந்தது.

அப்போது என் போன் டிங் என்றது. பேச்சியம்மாள் அக்கா. விரிசல் விழுந்த திரையில் ஸ்பீக்கரை நிறுத்துகிற இடம் ஆறு மாதமாக வேலை செய்வதில்லை. தொட்டதும் மாடி முழுக்கக் கேட்டது. பின்னால் கிரைண்டர் ஓடுகிற சத்தம்.

"மேரி, வேலையா இருக்கியா? ஒண்ணுமில்ல, அந்த வீடியோவ இன்னொருக்காப் பாத்தேன். அந்தத் தம்பி சட்டைப் பை வலது மாருல இருக்கு. முப்பது வருசமா எங்க வீட்டுக்காரரு சட்டையத் தொவைக்கிறேன், பை அந்தப் பக்கம் இருந்து நான் பாத்ததில்ல. அது ஏன்னு மட்டும் கேட்டுச் சொல்லு."

எல்லோரும் திரும்பி அண்ணனுடைய மஞ்சள் சட்டையைப் பார்த்தோம். பை இடது பக்கம் இருந்தது. பேனாவும் அதில் இருந்தது. பாய் வீடியோவைத் திரும்பப் போட்டார். பை வலது பக்கம், பேனாவும் வலது பக்கம். மீட்டருக்குப் பக்கத்தில் தொங்கிய காலண்டரில் தேதி கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பி நின்றது.

"செல்ஃபி கேமராவுல எடுத்தீங்களாண்ணே?" என்றாள் விமலா. "அது கண்ணாடி மாதிரில்ல காட்டும், இடம் வலமாயிரும். அத மாத்தி வைக்கலையா? எனக்கும் ஒருதடவ இப்படித்தான், எம்பேரு திரும்பி வந்து, கோலத்துக்குக் கீழ என்ன பாஷைன்னு கேட்டாங்க."

தகடு நேராகத்தான் சுற்றியிருக்கிறது. மிக்ஸியை அவர் வலப்பக்கம்தான் திருப்பியிருக்கிறார். வீடியோவில் வெட்டும் இல்லை, ஒட்டும் இல்லை. பாய் தன் செயலியையே சந்தேகமாகப் பார்த்தார். பிறகு குனிந்து தன் சட்டைப் பையையும் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. மிக்ஸியின் திருகைப் பார்த்த உடனே ஏதோ தப்பு என்று எனக்குத் தெரிந்திருந்தது. வாயைத் திறக்காமல் இருந்தது போனுக்காக. மாவுக் கடையில் நின்றுகொண்டு, கையில் மாவோடு, அந்த அக்கா பார்த்துச் சொல்கிறது. பதினோராயிரம் பேருக்குச் சொல்லிக்கொடுக்கிற நான் காகிதத்தைப் பார்த்து உதட்டை அசைத்துக்கொண்டிருக்கிறேன். என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

காகிதத்தை மடித்துக் குமரகுருவிடம் கொடுத்தேன். சுவரில் இருந்த பெட்டியைப் பிடுங்கி, என் கைப்பையில் இருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து நாலு ஸ்க்ரூவையும் கழற்றினேன். உள்ளே ஒரு பச்சை விளக்கு, அதற்கு இரண்டு வயர். கனத்துக்காக ஒரு சிமெண்ட் கட்டி. வேறு ஒன்றும் இல்லை. குமரகுரு புது போனைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

அண்ணன் சிமெண்ட் கட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தார். இப்போதாவது தலையைக் குனிவார் என்று நினைத்தேன்.

கையைத் தட்டினார். "டேக் மூணு. நான் என்ன சொன்னேன்? எல்லாம் பின்னாடி போகும்னு சொன்னனா இல்லையா? பெட்டியே பின்னாடி போயிருச்சு பாருங்க. உள்ள இருந்த மிஷினெல்லாம் திரும்பி சிமெண்டாயிருச்சு. இன்னும் ஒரு வாரம் வச்சிருந்தா சுண்ணாம்புக் கல்லாயிருக்கும்."

நான் போனில் பேசும் இடத்தை அழுத்திப் பிடித்தேன். "யக்கா, வாங்காதீங்க. உள்ள ஒரு விளக்குதான் இருக்கு. பை விஷயம் நீங்க சொன்னதுதான் சரி. வீடியோ தப்புன்னு எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்துச்சுக்கா, சொல்லாம இருந்துட்டேன். மன்னிச்சுக்கங்க."

கையை எடுப்பதற்குள் அண்ணன் குனிந்து என் போனுக்குள் வாயை வைத்தார். "யக்கா, தங்கமாயன் பேசுறேன். மேரி பேச்சக் கேக்காதீங்க. புளிச்ச மாவா இருந்தாலுஞ் சரி, பெட்டியச் செருகுனா பத்து நிமிசத்துல அரிசி தனி, உளுந்து தனி!"

பிறகு டிங்.

"ரொம்ப நல்லதாப் போச்சு தம்பி. நேத்து விக்காம ரெண்டு குண்டான் மாவு புளிச்சுக் கெடக்கு. பெட்டியத் தூக்கிக்கிட்டு இப்பவே கெளம்பி வா. மாவு அரிசியாகுற வரைக்கும் நீ போக வேணாம்."

பாய் சிரித்த சிரிப்பில் ஒரு தையல் மிஷின் ஆடியது. அண்ணன் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, என் போனை மறுபடியும் வாங்கினார். குரலில் துளி வாட்டம் இல்லை.

"வந்துருவேங்க்கா. ஆனா ஒண்ணு. அந்தப் பெட்டி பக்கத்துல நிறுத்துனதுலருந்து என் மோட்டார் பைக்கு பின்னாடி மட்டுந்தான் ஓடுது."

டிங்.

"பரவால்ல தம்பி. திரும்பி உக்காந்து ஓட்டிட்டு வா."